அளவுகோல் யார் கையில்? ஓர் எதிர்வினை

சென்ற இதழில் நிர்வாக ஆலோசகர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். தென்காசி வட்டாரத்துத் தொழில்கள் வளராமல் கிடப்பதற்கு அவர் ஒரே ஒரு காரணம்தான் சொல்கிறார்: இங்கே யாரும் எதையும் அளப்பதில்லையாம். ஆகவே பெட்டிக்கடை முதல் கம்பெனி வரை எல்லாவற்றையும் எண்ணாக்க வேண்டும். ஒவ்வொருவர் தலையிலும் ஓர் இலக்கை வைக்க வேண்டும். எட்டியவருக்கு ஊக்கத்தொகை, எட்டாதவருக்கு வாசல். இதற்குச் சாட்சியாக அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கை அழைத்து வந்து, அளக்க முடியாததை நிர்வகிக்க முடியாது என்று அவர் சொன்னதாக எழுதுகிறார். தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ நடத்தும் அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போது, அது ஒரு பணக்காரரின் கிராமத்து ஆசை, அதன் பலனை எண்ணில் காட்ட முடியாது, ஆகவே அது வியூகமே அல்ல என்கிறார்.

அடி முதல் நுனி வரை தவறான கட்டுரை இது. நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். ஆனால் நம் ஊர்ப் பெயரைப் போட்டு, நம் மனிதர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று எழுதிய பிறகு பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

டெமிங்கிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொன்னது இதற்கு நேர் எதிர். அளக்க முடியாததை நிர்வகிக்க முடியாது என்று நினைப்பது தவறு, அது பெரிய விலை கொடுக்க வைக்கும் கட்டுக்கதை என்பதுதான் 1993-ல் வந்த கடைசிப் புத்தகத்தில் அவர் எழுதியதன் சாரம். அதன் தலையையும் வாலையும் நறுக்கிவிட்டு நடுத்துண்டை மட்டும் எடுத்து, எந்தக் கருத்தை அவர் மறுத்தாரோ அதையே அவர் வாயில் திணித்துவிட்டார்கள். கட்டுரையாளர் அந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்த்ததில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். திறந்தவர் இப்படி எழுத மாட்டார்.

டெமிங் எண்ணுக்கு எதிரி அல்ல. புள்ளியியல்தான் அவருக்குச் சோறு போட்டது. 1950-ல் அவர் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்ததே, உற்பத்தியில் வரும் ஏற்ற இறக்கத்தை அளந்து அதன் காரணத்தைப் புரிந்துகொள்வது எப்படி என்பதைத்தான். அடுத்த ஆண்டே ஜப்பானியர்கள் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தினார்கள். 1998-ல் சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவும், 2002-ல் டி.வி.எஸ். மோட்டாரும் அந்த விருதைப் பெற்றன. அந்தக் குழுமத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். டெமிங் நெல்லைச் சீமைக்கு அந்நியர் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். நிர்வாகத்துக்கு அவர் வகுத்த பதினான்கு நெறிகளில் ஒன்று, தொழிலாளிக்கு எண்ணிக்கை இலக்கு வைப்பதை ஒழிக்க வேண்டும் என்பது. இன்னொன்று, வேலையிடத்திலிருந்து அச்சத்தை விரட்ட வேண்டும் என்பது. கட்டுரையாளரின் திட்டம் இந்த இரண்டுக்கும் நேர் விரோதம்.

அடுத்து, இங்கே அளவீடே இல்லை என்ற பேச்சு. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கத்துத் தெருக்களில் ஒரு மத்தியானம் நடந்து பார்க்கட்டும். திண்ணையிலும் வாசல் நடையிலும் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். கடையில் இலையும் தூளும் நிறுத்துத் தருகிறார்கள். இலையை ஊறவைத்து, தகட்டை மேலே வைத்து அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, தலையை மடக்கி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே எண்ணிப் பார்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், சரியில்லை என்று பட்டதைக் கழிப்பார்கள். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. இலையின் எடை, தூளின் எடை, எண்ணிக்கை, கழிவு என்று எல்லாமே ஏட்டில் ஏறும்.

கட்டுரையாளர் புதிதாகக் கொண்டுவரச் சொல்லும் ஏற்பாடு இதுதானே? ஆளுக்கொரு எண், எண்ணுக்குத் தக்க கூலி. எங்கள் அம்மாக்களும் ஆச்சிகளும் தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேதான் வாழ்ந்திருக்கிறார்கள். அந்த ஏட்டில் ஏறாதது என்ன என்று அவர் ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? ஓட்டையும் கிழிசலுமான இலை வந்தால் ஆயிரம் பீடி தேறாது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். அது ஏட்டில் ஏறாது. மூக்கில் ஏறும் தூளும் குனிந்தே இருக்கும் முதுகும் ஏறாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டிக் கொடுத்ததும் ஏறாது. இவ்வளவு துல்லியமான கணக்கு இருந்தும் நியாயம் கிடைக்காததால்தான் 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இலை கொடுப்பதில் வரும் தகராறு, பீடியைக் கழிப்பதில் வரும் தகராறு, கழித்த பீடிக்குக் கூலி தருவதில் வரும் தகராறு ஆகியவற்றைத் தீர்த்துவைக்க அந்தச் சட்டத்திலேயே வழி வைத்தார்கள். தராசும் எண்ணிக்கையும் முதலாளி கையில் மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். இந்த ஆலோசகருக்குத் தெரியவில்லை.

டெமிங் தன் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்துவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழிகள் உள்ள ஒரு பலகையால் அவற்றை அள்ள வேண்டும். சிவப்பு மணி வந்தால் அது பழுதான சரக்கு. டெமிங்கே மேற்பார்வையாளராக நின்று, சிவப்பு குறைவாக வந்தவரைப் பாராட்டுவார், கூடுதலாக வந்தவரைக் கடிந்துகொள்வார், கடைசியில் சிலரை வேலையை விட்டே நீக்குவார். அள்ளுகிறவர் தலைகீழாக நின்றாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சிவப்பாகத்தான் வரும். பெட்டியை நிரப்பியது நிர்வாகம். திட்டு வாங்குவது தொழிலாளி. கிழிந்த இலையை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கழிவை மட்டும் பெண்ணின் பெயரில் எழுதும் இடத்தில் நடப்பதும் அதேதான். அங்கே எண்ணியதில் பிழை இருக்காது. கழிவுக்கு யார் பொறுப்பு என்பதில்தான் அந்த ஏடு பொய் சொல்கிறது.

எண்ணோடு ஊக்கத்தொகையையும் வேலைப் பயத்தையும் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டெமிங்கின் அமெரிக்காவிலேயே பாடம் இருக்கிறது. வெல்ஸ் பார்கோ வங்கி, வாடிக்கையாளர் ஒருவருக்கு எட்டுக் கணக்குகளோ சேவைகளோ விற்க வேண்டும் என்று கிளைகளை நெருக்கியது. ஊழியர்கள் இலக்கை எட்டினார்கள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகளைத் திறந்து. 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது, ஏறத்தாழ 20 லட்சம் கணக்குகள் அப்படித் திறக்கப்பட்டிருக்கலாம் என்று சொன்னார்கள். அபராதம் 18.5 கோடி டாலர். சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். 2020-ல் வங்கி மேலும் 300 கோடி டாலர் கட்டித் தீர்த்தது. விஷயம் வெடிக்கும் வரை தலைமை அலுவலகத்தில் எண்கள் அழகாகவே உயர்ந்துகொண்டிருந்தன. ஓர் அளவை இலக்காக்கிவிட்டால் அது நம்பத் தகாததாகிவிடும் என்ற கருத்துக்கு மூலமான எச்சரிக்கையை ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே எழுதிவிட்டார்.

நம் ஊர் வாசகருக்கு வங்கிகூட வேண்டியதில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, தேற மாட்டான் என்று தோன்றுகிற பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே கழற்றிவிடுகிற, அல்லது தனித்தேர்வராக எழுதச் சொல்கிற பள்ளிகளைப் பற்றி எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் சொல்வார்கள். சதவீதம் நூறு. கழற்றிவிடப்பட்ட பையன் எந்த விளம்பரத் தட்டியிலும் இல்லை.

இப்போது மத்தளம்பாறைக்கு வருவோம். கட்டுரையாளர் இதை ஒரே பத்தியில் தள்ளிவிட்டுப் போகிறார். நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

1996-ல் அட்வெண்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. ஆள் எடுக்கும்போது எல்லா மென்பொருள் கம்பெனிகளும் பார்க்கும் இரண்டு அளவுகள், கல்லூரியின் பெயரும் மதிப்பெண்ணும். இவற்றுக்கும் ஒருவர் பிறகு வேலையில் காட்டும் திறமைக்கும் தொடர்பு உண்டா என்று தங்கள் ஊழியர்களை வைத்தே அவர்கள் கவனித்தார்கள். சொல்லும்படியான தொடர்பு இல்லை என்று தெரிந்தது; நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு இதை எழுதியே இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதா மாதம் உதவித்தொகை கொடுத்து, வேலையையே பாடமாகச் சொல்லித் தரும் ஜோஹோ பள்ளிகள் 2005 வாக்கில் அந்தத் தெளிவிலிருந்துதான் பிறந்தன. அளந்து பார்த்ததால் வந்த முடிவு அது. ஆனால் ஊரே கும்பிடும் ஓர் அளவுகோல் பொய் என்று அந்த அளவீடு காட்டியது. மதிப்பெண் என்ற எண்ணை நம்பியிருந்தால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட நேர்முகத் தேர்வுக்கு வந்திருக்க மாட்டார்.

2011-ல் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டபோது கையில் இருந்த எண்கள் என்ன சொல்லியிருக்கும்? பக்கத்தில் விமான நிலையம் இல்லை. அனுபவமுள்ள பொறியாளர் கூட்டம் இல்லை. போட்டிக் கம்பெனி எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. எந்தக் கணக்குத் தாளைப் போட்டாலும் விடை சென்னை, பெங்களூரு என்றுதான் வந்திருக்கும். தாளில் இடம் பிடிக்காத விஷயங்கள் வேறு: வேலைக்காகச் சொந்த ஊரை விட்டு ஓட வேண்டியிராத இளைஞர் எத்தனை ஆண்டு ஒரே நிறுவனத்தில் நிலைப்பார், அப்பா அம்மாவோடு வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருகிறவர் எப்படி வேலை செய்வார், சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு என்ன ஆசை பிறக்கும். இவற்றுக்கு 2011-ல் எண்ணே கிடையாது. முடிவு எடுத்து, அதில் நின்று, ஆண்டுகள் போன பிறகுதான் எண் பிறக்கும். 2016-ல் வெளிவந்த ஜோஹோ டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருளின் பெரும்பகுதி தென்காசியில் உருவானது. 2019-ல் வேம்பு அமெரிக்காவை விட்டு மத்தளம்பாறைக்கே குடிவந்தார். 2022-ல் நிறுவனத்தின் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியதாக அறிவித்தார்கள். இதைக் கிராமத்து ஆசை என்று ஒதுக்குகிறவருக்கு வியூகம் என்றால் என்னவென்று தெரியவில்லை. எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது என்பதையே முடிவு செய்கிற இடத்தில் இருப்பது வியூகம். பழைய எண்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாரும் போன பாதையில்தான் போக முடியும்.

ஜோஹோவுக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. பங்குச் சந்தைக்கு வராத நிறுவனம் என்பதால் அதன் உள்கணக்கு வெளியாருக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனத்துக்கு இந்தப் பொறுமை வாய்த்திருக்குமா என்பதும் நியாயமான கேள்வி. வேம்புவின் எல்லாப் பேச்சையும் ஏற்க வேண்டியதும் இல்லை. அளவீட்டுக்கு விரோதியான நிறுவனமும் அல்ல அது. விற்பனைக் கணக்கையும் புள்ளிவிவரத்தையும் திரையில் காட்டும் மென்பொருளை உலகம் முழுக்க விற்பதே அதன் தொழில். அந்தத் தொழிலைச் செய்கிறவர்களே 2025 மே மாதம் சில்லு தயாரிக்கும் திட்டத்தை நிறுத்திவைத்தபோது, தொழில்நுட்பப் பாதையில் போதிய நம்பிக்கை வரவில்லை என்றுதான் காரணம் சொன்னார்கள். கடைசியில் முடிவெடுத்தது மனிதத் தீர்ப்பு.

நல்ல அளவீடு எப்படி இருக்கும் என்று கட்டுரையாளர் பார்க்க விரும்பினால், அதுவும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. கடனாநதி 85 அடி, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36.10, அடவிநயினார் 132. இவை அணைகளின் முழுக் கொள்ளளவு மட்டம். மழைக்காலத்தில் தினமும் காலையில் அன்றைய நீர்மட்டமும் பெய்த மழையளவும் வெளியாகின்றன. கார் பருவத்துக்கு நாற்றுப் பாவலாமா, பிசானம் வரை காத்திருக்கலாமா என்று விவசாயிகள் அதை வைத்து யோசிக்கிறார்கள். அணை நிரம்பினால் யாருக்கும் ஊக்கத்தொகை இல்லை, நிரம்பாவிட்டால் யாருக்கும் வேலை போகாது. ஆகவே அந்த எண்ணைத் திரிக்க யாருக்கும் காரணம் இல்லை. பார்ப்பதற்காக எடுக்கப்படும் எண் அது. அடிப்பதற்காக எடுக்கப்படும் எண்ணுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கட்டுரை முழுவதிலும் ஓரிடத்தில்கூட இல்லை.

குற்றாலத்தைப் பற்றி அவர் எழுதியதுதான் என்னை அதிகம் கொதிக்க வைத்தது. சீசனில் எத்தனை பேர் வந்தார்கள், தலைக்கு எவ்வளவு செலவழித்தார்கள், அருவி எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்பதையெல்லாம் அளந்து, அந்த எண்களை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்துவதை அதிகாரிகளின் இலக்காக்க வேண்டுமாம். வியாபாரிகளுக்கும் கணக்குத் தெரியவில்லையாம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவர் செங்கோட்டைப் பக்கத்து மேகத்தையும் வீசுகிற காற்றையும் பார்த்து, நாளைக்கு எத்தனை கூடை இறக்கலாம் என்று முடிவெடுக்கிறார். அழுகினால் போவது அவர் காசு. தன் காசைப் பணயம் வைத்துக் கணக்குப் போடுகிறவருக்கு, சம்பளத்துக்கு ஆலோசனை சொல்கிறவர் பாடம் எடுக்க வேண்டாம்.

பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. ஊரில் ஆர்ச் என்போம். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. எளிய அளவுகோல், சின்னப் பிள்ளைக்கும் புரியும். தடை போட்டால் கடைகளில் வியாபாரம் படுத்துவிடும், சீசனை நம்பிக் கடை எடுத்தவர் வயிற்றில் அடி விழும், ஆட்டோ ஓடாது, அறைகளைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். தடையை நீக்கச் சொல்லும் நெருக்கடி எப்போதும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் தடை போட முடிகிறது என்றால், தடை போடுகிற ஆளுக்கு அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்பதுதான் காரணம். அவருடைய பதவி உயர்வைக் கொண்டுபோய் அந்த எண்ணிக்கையோடு முடிச்சுப் போடச் சொல்கிறது இந்தக் கட்டுரை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது என்பதை அவர் மறந்துவிட்டாரா? சீசன்கூட அல்ல, கோடை மழைக்காலம். மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்க, குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அதே ஆண்டு டிசம்பரிலும் குற்றாலத்து அருவிகளில் வெள்ளம் கரையை உலுக்கிவிட்டுப் போனது. ஆர்ச் காட்டுவது கீழே வந்து சேர்ந்துவிட்ட தண்ணீரை. நமக்கு வேண்டியது மேலே பெய்துகொண்டிருக்கும் மழையின் அளவும், அது கீழே வந்து சேர ஆகும் நேரமும், அருவியடியில் நிற்கிறவன் காதுக்குச் சில நிமிடங்களுக்குள் போய்ச் சேரும் எச்சரிக்கையும். அளப்பதற்குச் செலவிடப் பணம் இருந்தால் முதல் காசு அங்கே போகட்டும். அதை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணச் சொல்கிறார்.

அவர் மறுபடி எழுதுவதானால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதட்டும். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பேரருவியில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். மேலே மலை கருத்துக்கொண்டு வருகிறது, தண்ணீர் இன்னும் ஆர்ச்சைத் தொடவில்லை. அந்த மாத இலக்குக்கு இன்னும் சில ஆயிரம் பேர் குறைகிறார்கள். விசில் ஊத வேண்டியவர் அந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்கிறார், மலையையா, இலக்கையா?